பொண்ணுக்கு வாங்கின மைக்ரோஸ்கோப்: அஞ்சு மாசம் கழிச்சு எழுதற ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இது லேப்ல வேலை பாக்கறவங்களுக்கு எழுதறது இல்ல. வீட்ல பிள்ளைங்களுக்கு ஒரு மைக்ரோஸ்கோப் வாங்கித் தரலாமா, காசு வீணாயிடுமான்னு யோசிச்சிட்டு இருக்கற அப்பா அம்மாவுக்காக எழுதறேன். ஏப்ரல்ல பொண்ணுக்கு எட்டாவது முழுப்பரிச்சை முடிஞ்ச வாரம் வாங்கினோம், இப்ப செப்டம்பர், இந்த அஞ்சு மாசத்துல வாரத்துக்கு ரெண்டு நாளாவது வெளிய எடுத்துருவோம். அதனால டப்பா பிரிச்ச அன்னிக்கே எழுதற ரிவ்யூ மாதிரி இல்லாம எது நிஜமாவே தெரியுது, எது தெரியாது, எந்த இடத்துல மெஷின் கழுத்தறுக்குது எல்லாத்தையும் சொல்ல முடியும்னு நினைக்கறேன்.

நான் பன்னெண்டாவது வரைக்கும் பயாலஜி எடுத்து படிச்சவ. செல் படம் கண்ண மூடிட்டு வரைவேன், செல் சுவர், செல் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாத்துக்கும் கோடு இழுத்து பேர் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கேன். ஆனா நான் படிச்ச ஸ்கூல்ல மைக்ரோஸ்கோப் கண்ணாடி பீரோவுக்குள்ள பூட்டியே இருக்கும். பிராக்டிகல் அன்னிக்கு வரிசைல நின்னு ஆளுக்கு பத்து செகண்டு எட்டிப் பாத்தோம், எனக்கு என் கண்ணிமை நிழல் தவிர ஒண்ணும் தெரியல, அத சொல்ல பயந்துகிட்டு "தெரியுது மிஸ்"னு சொல்லிட்டு நகந்துட்டேன். அதுக்கப்புறம் இருபது வருஷம் ஒரு செல்ல கூட நான் பாத்ததில்ல. பாப்பாவும் ஆறாவதுல இருந்து அதே படத்தையே கலர் பென்சில் வெச்சு வரைஞ்சிட்டு இருக்கறத பாத்தப்பதான் இது இப்படியே போகக்கூடாதுன்னு தோணுச்சு.

முதல்ல பண்ணின தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. ஆன்லைன்ல 1,400 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் செட் வாங்கினேன். டப்பா மேல 1200 மடங்கு பெருசா காட்டும்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. வெங்காயத் தோல வெச்சா மங்கலா ஒரு கலங்கல், ஓரமெல்லாம் வானவில் கலர், தொட்டா ஆடுது. பாப்பா ரெண்டு நாள் முயற்சி பண்ணிட்டு "எனக்கு பாக்கத் தெரியலம்மா"ன்னு சொல்லிட்டா. எனக்கு அதுதான் ரொம்ப கஷ்டமா போச்சு, பொருள் சரியில்லாததுக்கு குழந்தை தன்மேல பழி போட்டுக்குது. பிராண்ட் பேர் வேண்டாம், அந்த மாதிரி செட் நிறைய பேர்ல வருது, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்.

அந்த 1200 மடங்குங்கறது ஏன் ஏமாத்துன்னு பின்னாடி படிச்சு புரிஞ்சுகிட்டேன். பெருசு பண்றது வேற, பிரிச்சு காட்டறது வேற. பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு புள்ளிய தனித்தனியா காட்டணும், அது லென்ஸ் எவ்வளவு அகலமா வெளிச்சத்த வாங்குதுங்கறத பொறுத்தது. நல்ல 40 எக்ஸ், அதாவது 40 மடங்கு பெருசாக்கற லென்ஸ் உடம்புல 0.65னு ஒரு நம்பர் பொறிச்சிருக்கும், அதான் அந்தக் கணக்கு. அது வெச்சு பாத்தா ஏறக்குறைய அரை மைக்ரான் வரைக்கும் பிரிச்சு காட்டும், ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒண்ணு ஒரு மைக்ரான். அதுக்கு மேல ஐபீஸ, அதாவது கண்ணு வெச்சு பாக்கற லென்ஸ மாத்தி எவ்வளவு பெருசு பண்ணினாலும் மங்கலா இருக்கறதுதான் பெருசாகுமே தவிர புதுசா ஒண்ணும் தெரியாது, சின்ன போட்டோவ மொபைல்ல இழுத்து இழுத்து பெருசு பண்ற மாதிரி. 1873லயே ஏர்ன்ஸ்ட் அபேங்கற ஜெர்மன்காரர் வெளிச்சத்துக்கே இப்படி ஒரு எல்லை இருக்குன்னு எழுதிட்டார். எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் சாதா வெளிச்சத்துல 0.2 மைக்ரான் கிட்டதான் கடைசி. அதனால டப்பால 2000னு போட்டிருந்தா மயங்காதீங்க, லென்ஸ் மேல அந்த நம்பர் இருக்கான்னு பாருங்க.

அப்புறம் வீட்டுக்காரர் வேலையா திருச்சி போனப்ப நானும் கூட போய், காலேஜுக்கெல்லாம் லேப் சாமான் சப்ளை பண்ற ஒரு சின்ன கடைல கேட்டேன். கடைக்காரர் வயசானவர், பொறுமையா எடுத்து வெச்சு காட்டினார். ஹரியானால அம்பாலாங்கற ஊர்ல நம்ம நாட்டு லேப் சாமான் நிறைய தயாராகுது, இதுவும் அங்க செஞ்சதுதான்னார். இரும்பு பாடி, ஒத்தைக்கண்ணு மாடல், தலை 45 டிகிரி சாய்வு, 4, 10, 40னு மூணு அப்ஜெக்டிவ் (பாக்கற பொருள் பக்கம் இருக்கற லென்ஸ்), 10 எக்ஸ் ஐபீஸ், கீழ எல்இடி, கூடவே டயாஃப்ரம். விலை 5,800. நான் 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸும் வேணுமான்னு கேட்டேன், "ஏம்மா, வீட்ல குழந்தை பாக்கறதுக்கு 40 போதும், அந்தக் காசுக்கு ஸ்லைடும் கவர் ஸ்லிப்பும் சாயமும் வாங்கிக்கோங்க"ன்னார். விக்கறவரே வேண்டாம்னு சொன்னது எனக்கு பெருசா தெரிஞ்சுது, அது நல்ல அட்வைஸ்னு இப்பவும் சொல்வேன்.

சாயத்துக்கு அலைய வேண்டாம். மெடிக்கல் ஷாப்ல புண்ணுக்கு போடற அயோடின் மருந்த நாலு மடங்கு தண்ணி கலந்து வெச்சுக்கிட்டோம். மெத்திலீன் ப்ளூ வண்ண மீன் கடைலயே கிடைக்குது, மீனுக்கு பூஞ்சை வந்தா ஊத்தறதுக்கு விக்கறாங்க. கையில துணில பட்டா போகாது, பழைய தட்டு ஒண்ணு கீழ வெச்சுக்கோங்க.

முதல் நாள் வெங்காயம். பெரிய வெங்காயத்த நாலா வெட்டி ஒரு இதழ உரிச்சு, உள்பக்கம் குழிவா இருக்குமில்ல, அத ஒடிச்சு இழுத்தா கண்ணாடி பேப்பர் மாதிரி ஒரு தோல் வரும். சொட்டு தண்ணில விரிச்சு, அயோடின் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்ப (மேல மூடற மெல்லிசு கண்ணாடி) நேரா போடாம ஒரு ஓரத்த தொட வெச்சு சாய்ச்சு மெதுவா விடணும். நேரா போட்டா காத்து மாட்டிக்கும். கெட்டியா கருப்பு வளையம் போட்ட வட்டம் தெரிஞ்சா அது செல் இல்ல, காத்துக் குமிழி, முதல் அரைமணி நேரம் நாங்க அதத்தான் பாத்துட்டு இருந்தோம். அடுத்த ஸ்லைடு சரியா வந்துச்சு. செங்கல் சுவர் மாதிரி வரிசை வரிசையா, ஒவ்வொரு செங்கல்லயும் ஓரத்துல ஒரு மஞ்சள் பொட்டு. "அம்மா, உட்கரு"ன்னா பாப்பா, சத்தமே வரல அவளுக்கு. நான் பாத்தேன். இருபது வருஷமா எழுதிட்டு இருந்த ஒரு வார்த்தை அங்க உக்காந்திருந்துச்சு. 1831ல ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் செடியோட செல்ல பாக்கும்போது ஒவ்வொண்ணுலயும் இந்தப் பொட்டு இருக்கறத கவனிச்சு அதுக்கு பேர் வெச்சார், கிட்டத்தட்ட அதே காட்சிதான் நம்ம சாப்பாட்டு மேசைல.

உட்கரு ஏன் நடுவுல இல்லாம சுவரோட ஒட்டிட்டு இருக்குன்னு பாப்பா கேட்டா. செல்லுக்கு நடுவுல பெரிய தண்ணிப் பை ஒண்ணு இருக்கு, புத்தகத்துல நுண்குமிழ்னு போட்டிருக்கும், அது இடத்த எல்லாம் எடுத்துக்கிட்டு மத்தத ஓரத்துக்கு தள்ளிடுது. அடுத்த கேள்வி, தாவர செல்லுனா பச்சையம் இருக்கணுமே, இதுல பசுங்கணிகம் எங்க? நல்ல கேள்வி. வெங்காயம் மண்ணுக்குள்ள இருக்கற இதழ், வெளிச்சமே படாது, அங்க வெளிச்சத்த வெச்சு உணவு தயாரிக்கற வேலை இல்ல, அதனால அது இல்ல. புத்தகத்துல இருக்கற படம் எந்த ஒரு செல்லோட படமும் கிடையாது, எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டறதுக்காக சேத்து வரைஞ்சது. இத நானே அன்னிக்குதான் உணர்ந்தேன்.

ஒரு சின்ன டிப்ஸ், பிளாஸ்டிக் ஸ்கேல ஸ்லைடு வைக்கற இடத்துல வெச்சு 4 எக்ஸ்ல பாருங்க. எங்க மெஷின்ல குறுக்கா நாலரை மில்லிமீட்டர் தெரிஞ்சுது. எத்தன மடங்கு பெருசாகுதோ தெரியற இடம் அத்தன மடங்கு சுருங்கும், அப்ப 10 எக்ஸ்ல 1.8, 40 எக்ஸ்ல 0.45 மில்லிமீட்டர். இனிமே எத பாத்தாலும் குறுக்கா எத்தன அடங்குதுன்னு எண்ணி அதோட சைஸ சொல்லிடலாம். எங்க வெங்காய செல் நீளவாக்குல 10 எக்ஸ்ல ஆறு அடங்குச்சு, ஒண்ணு 0.3 மில்லிமீட்டர். பாப்பாவுக்கு கணக்கு பிடிக்காது, இதுக்கு மட்டும் அவளே நோட்ட எடுத்துட்டு வந்தா.

கன்னத்து செல்லுக்கு பல் குத்தற குச்சியோட மழுங்கின பக்கத்தால கன்னத்து உள்பக்கம் லேசா வழிச்சா போதும், ஸ்லைடுல தேச்சு காய விட்டு மெத்திலீன் ப்ளூ. இங்க செங்கல் எல்லாம் கிடையாது. பிச்சுப் போட்ட அப்பளத் துண்டு மாதிரி ஓரம் மடிஞ்சு கண்டபடி கிடக்கும், நடுவுல கருநீல உட்கரு. விலங்கு செல்லுக்கு செல் சுவர் இல்லைங்கறத ஒரு வரி மனப்பாடம் பண்ணினதுக்கும், சுவர் இல்லாததால அது உருவம் நிக்காம சரிஞ்சு கிடக்கறத பாக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம். அந்த செல் மேலயே பொடிப்பொடியா நீலப் புள்ளி தெரியும், வாய்ல இருக்கற பாக்டீரியா. ஒரு செல் 60 மைக்ரான்னா அந்தப் புள்ளி ஒரு மைக்ரான்தான். பாக்டீரியாவும் செல்தான், ஆனா உட்கருனு தனியா சவ்வு போட்ட அறை அதுக்கு கிடையாது. அன்னிக்கு ராத்திரி யாரும் சொல்லாமயே பாப்பா பல் விளக்கிட்டு படுத்தா.

மீன் தொட்டிக்கு போடற ஹைட்ரில்லா பாசி பத்து ரூபாய்க்கு ஒரு கட்டு குடுப்பாங்க, கண்டிப்பா வாங்குங்க. அந்த இலை ரெண்டே செல் தடிமன், வெட்ட வேண்டாம், அப்படியே ஒரு இலைய தண்ணில வெச்சு பாக்கலாம். பச்சைப் பச்சையா உருண்டை, அதான் பசுங்கணிகம், ஒவ்வொண்ணும் அஞ்சு மைக்ரான் கிட்ட. பாத்துட்டே இருங்க, அவசரப்பட்டு ஸ்லைட மாத்தாதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் வெளிச்சத்துல சூடு ஏறினதும் நடு நரம்பு பக்கத்து செல்லுல அந்த உருண்டையெல்லாம் சுவர ஒட்டி வரிசையா சுத்த ஆரம்பிக்கும், தேர் வீதி சுத்தி வர்ற மாதிரி. பசுங்கணிகம் தானா ஓடல, செல்லுக்குள்ள இருக்கற சைட்டோபிளாசம் மொத்தமும் நகருது, அது கூடவே இழுத்துட்டு போகுது. சைட்டோபிளாசம்னா செல்ல ரொப்பி வெச்ச கூழ்னுதான் நான் நினைச்சிருந்தேன். எங்க மாமா வந்து பாத்தாங்க, பாத்துட்டு ரொம்ப நேரம் கண்ண எடுக்கவே இல்ல, "இந்தப் பாசிக்குள்ளயா இவ்வளவு நடமாட்டம்"னாங்க.

இப்ப குறைகள சொல்லிடறேன், இல்லன்னா இது விளம்பரம் மாதிரி ஆயிடும். பெரிய ஃபோகஸ் திருகு ஒரு மாசத்துல லூசாகி, ஸ்லைடு வைக்கற மேடை (ஸ்டேஜ்) தன்னால கீழ இறங்க ஆரம்பிச்சுது. நல்லா பாத்துட்டே இருக்கும்போது மங்கிடும். கடைக்கு போன் பண்ணினேன், திருகுக்கு உள்பக்கம் ஒரு வளையம் இருக்கு, அத இறுக்குங்கன்னாங்க, சரியாச்சு, ஆனா மூணு மாசத்துல மறுபடி இறுக்க வேண்டி வந்துச்சு. எல்இடி வெளிச்சம் குறைச்சு வெச்சாலும் கண்ணு கூசுது, பட்டர் பேப்பர் ஒரு துண்டு வட்டமா வெட்டி மேல போட்டிருக்கோம். ஸ்லைட நகத்தறதுக்கு திருகு கிடையாது, ரெண்டு கிளிப் மட்டும்தான், 40 எக்ஸ்ல விரலால நகத்தினா ஒரு மயிரிழை தள்ளினதுக்கு காட்சியே தாண்டி போயிடுது. அதுவும் தலைகீழா வேற தெரியுமா, வலது பக்கம் தள்ளினா இடது பக்கம் ஓடும். பேப்பர்ல இருந்து ஒரு 'அ' வெட்டி வெச்சு பழகினா ரெண்டு நாள்ல கை வந்துடும், ஆனா பட்ஜெட் இருந்தா நகத்தற திருகு இருக்கற மாடல் வாங்குங்க. மொபைல மாட்டற கிளிப் கூட குடுத்தாங்க, அது சுத்தமா உபயோகம் இல்ல, மொபைல ஐபீஸ் மேல கையால பிடிச்சு எடுத்ததே நல்லா வருது.

டயாஃப்ரம்தான் இந்த மெஷின்லயே நான் ரொம்ப மதிக்கற பாகம். கீழ இருக்கற சின்ன கைப்பிடி, அத தள்ளினா வெளிச்சம் வர்ற ஓட்டை சுருங்கும். செல்லெல்லாம் தண்ணி மாதிரி நிறமில்லாதது, முழு வெளிச்சத்துல வெச்சா காணாமப் போயிடும். ஓட்டைய சுருக்கினா ஓரம் எழுந்து வரும். விலை கம்மின்னு டயாஃப்ரம் இல்லாதத வாங்கிடாதீங்க.

மே மாசம் நடந்தது ஒண்ணு சொல்லணும், இந்த மெஷின் வாங்கினதுக்கு அதுவே போதும்னு தோணின நாள். அத்தை மாங்காய் ஊறுகாய்க்கு துண்டு போட்டு, கல்லுப்பு போட்டு ஜாடில குலுக்கி வெச்சிருந்தாங்க. மறுநாள் பாத்தா ஜாடில தண்ணி. "ஆத்தா, நீங்க தண்ணி ஊத்தலையே"ன்னு பாப்பா கேட்டா. "உப்பு போட்டா காய் தண்ணி விடும் சாமி, அதான் வழக்கம்"னாங்க அத்தை. ஏன் விடுதுங்கறத அன்னிக்கு மைக்ரோஸ்கோப்ல பாத்தோம். தொட்டில வெப்பாங்களே, இலை மேல பச்சையா கீழ ஊதாவா இருக்கற ரியோ செடி, அதோட கீழ்ப்பக்கத் தோல கிழிச்சு உரிச்சா ஊதா செல்லா வரும், சாயமே தேவையில்ல, செல்லோட தண்ணிப் பைக்குள்ள அந்த ஊதா நிறம் தானாவே இருக்கு. செல்லு முழுக்க ஊதா நிறைஞ்சு தெரிஞ்சுது. அரை டம்ளர் தண்ணில ஒரு டீஸ்பூன் உப்பு கரைச்சு, கவர் ஸ்லிப்போட ஒரு பக்கம் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் டிஷ்யூ பேப்பர வெச்சு உறிஞ்சினா உப்புத் தண்ணி உள்ள ஓடும். ரெண்டு நிமிஷம். ஊதா நிறம் சுவர விட்டு விலகி உள்ள சுருங்க ஆரம்பிச்சுது, முதல்ல மூலைல, அப்புறம் எல்லா பக்கமும், கடைசில பெரிய பெட்டிக்குள்ள ஒரு ஊதா உருண்டை மட்டும். சுவர் அசையவே இல்ல. சுவருக்கும் உருண்டைக்கும் நடுவுல இருக்கற வெத்து இடம்தான் நாங்க அது வரைக்கும் பாக்காத ஒண்ண காட்டுச்சு, அந்த உருண்டையோட விளிம்பு, செல் சவ்வு.

சவ்வு தன்னோட தடிமனால தெரியற பொருள் இல்ல, ஏழெட்டு நானோமீட்டர்தான், லட்சத்துக்கு மேல சவ்வ அடுக்கினாதான் ஒரு மில்லிமீட்டர் வரும். கொழுப்பால ஆன ரெண்டு அடுக்கு. தண்ணிய விடும், உப்ப சுலபமா விடாது. வெளிய உப்பு ஜாஸ்தியா இருந்தா உள்ள இருக்கற தண்ணி வெளிய போகும், அவ்வளவுதான் ஊறுகாய் ஜாடில நடந்தது. கெட்டுப் போகாம இருக்கறதுக்கும் அதே காரணம், காய கெடுக்க வர்ற பாக்டீரியாவுக்கும் சவ்வு இருக்கு, உப்பு அதோட தண்ணியயும் இழுத்துடுது. அத்தைய கூப்பிட்டு காட்டினோம். கண்ணாடிய கழட்டிட்டு பாத்தாங்க, திருகு எப்படி திருப்பறதுன்னு பாப்பா கைய பிடிச்சு சொல்லிக் குடுத்தா. அம்பது வருஷமா ஊறுகாய் போடற கை. "உள்ள இப்படித்தான் சுண்டுதா"ன்னு கேட்டாங்க, அப்புறம் "நல்ல தண்ணி விட்டா பழையபடி ஆவுமா"ன்னாங்க. எங்களுக்கு அது தோணவே இல்ல. உடனே நல்ல தண்ணிய விட்டு உறிஞ்சினோம், ஊதா மெதுவா விரிஞ்சு வந்து சுவர தொட்டு ரொம்பிடுச்சு. எல்லா செல்லும் வரல, சிலது செத்துப் போயிருந்துச்சு, அது நிறம் கலைஞ்சு அப்படியே நின்னுடுச்சு. வாடின கீரைய தண்ணி தெளிச்சு வெச்சா நிமிர்றது இதனாலதான்னு அவங்களே சொன்னாங்க. அதே ஊதாத் தோல்ல நடுநடுவுல அவரை விதை மாதிரி ரெண்டு ரெண்டா பச்சை செல் இருக்கும், அது இலைத்துளைய திறந்து மூடற காவல் செல், அதையும் தேடிப் பாருங்க, கொள்ளை அழகு.

மாமாவுக்கு சுகர் இருக்கு, காலைல விரல் குத்தி டெஸ்ட் பண்ணுவாங்க. ஒரு நாள் ஸ்ட்ரிப்ல வெச்சது போக மிச்சம் இருந்த துளிய ஸ்லைடுல வாங்கி மெல்லிசா தேச்சு பாத்தோம். இத பெரியவங்க மட்டும் பண்ணுங்க, குழந்தைங்க கைல ஊசிய குடுக்காதீங்க, பாத்த ஸ்லைட டெட்டால்ல போட்டு தூக்கிப் போட்டுடுங்க. சிவப்பு செல் 40 எக்ஸ்ல குறுக்கா அறுபது கிட்ட அடங்குச்சு, அதாவது ஒண்ணு ஏழரை மைக்ரான். நடுவுல வெளிறின வட்டம், ரெண்டு பக்கமும் குழிவா இருக்கறதால. உட்கரு இல்ல. ஆக்சிஜன் தூக்கறதுக்காக ஹீமோகுளோபின திணிச்சு வெச்சுகிட்டு உட்கருவ எலும்பு மஜ்ஜைலயே விட்டுட்டு வந்துடுது. உட்கரு இல்லாததால ரிப்பேர் பண்ணிக்க வழியில்ல, 120 நாள்தான் ஆயுசு, அதனால உடம்பு செகண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் புதுசா செஞ்சுட்டே இருக்கு. டாக்டர் மூணு மாசத்துக்கு ஒரு தடவ எழுதிக் குடுக்கற சுகர் டெஸ்ட் இருக்கே, அது ஏன் மூணு மாசம்னு அப்பதான் எனக்கே புரிஞ்சுது. அந்த செல் உசுரோட சுத்தற நாள் முழுக்க ரத்தத்துல இருக்கற சர்க்கரை ஹீமோகுளோபின்ல ஒட்டிகிட்டே வருது, எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாத்தா போன மூணு மாசக் கணக்கு தெரிஞ்சுடும். டெஸ்ட்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் வாயக் கட்டினா போதும்னு மாமா நினைச்சிருந்தாங்க. இத பாத்ததுக்கு அப்புறம் டீல சர்க்கரைய நிறுத்திட்டாங்க.

தயிர், இட்லி மாவு எல்லாம் பாத்தோம், பெருசா எதிர்பாக்காதீங்க. தயிர்ல மெத்திலீன் ப்ளூ விட்டா குச்சி குச்சியாவும் மணி கோத்த மாதிரியும் பாக்டீரியா தெரியும், 40 எக்ஸ்ல அது ரொம்பப் பொடி. இட்லி மாவுல ஸ்டார்ச் துகளே கண்ண மறைக்குது. உருளைக்கிழங்கு நல்லா இருக்கும், சுரண்டி அயோடின் விட்டா செல்லுக்குள்ள முட்டை முட்டையா கருநீலம்.

தெரியாதது என்னன்னு சொல்றது இந்த ரிவ்யூல முக்கியம், ஏன்னா வாங்கிட்டு ஏமாறக்கூடாது. புத்தகப் படத்துல இருக்கற மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை, கோல்கை, ரைபோசோம் எதுவும் இதுல தெரியாது. மைட்டோகாண்ட்ரியா அகலம் அரை மைக்ரான்ல இருந்து ஒண்ணு வரைக்கும், நிறமும் கிடையாது, இந்த லென்ஸோட எல்லைல போய் மறைஞ்சுடுது. மத்ததெல்லாம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்து வரைஞ்சது. பாப்பாவுக்கு முதல்ல வருத்தம்தான். அப்ப நான் ரைபோசோம் பத்தி சொன்னேன், செல்லுக்கு வேணுங்கற புரோட்டீன எல்லாம் உட்கருல இருந்து வர்ற நகல படிச்சு ஒவ்வொரு அமினோ அமிலமா கோத்து செய்யற இடம், 20, 30 நானோமீட்டர்தான். அதோட அமைப்ப அணு அணுவா கண்டுபிடிச்சதுக்கு 2009ல வேதியியல் நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், சிதம்பரத்துல பிறந்தவர். அத யாரும் லென்ஸ்ல பாக்கல, ரைபோசோம படிகமாக்கி எக்ஸ்ரே பாய்ச்சி அது சிதறின விதத்த கணக்கு போட்டாங்க. பாக்டீரியா தொற்றுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கற அசித்ரோமைசின் மாத்திரை கூட பாக்டீரியாவோட ரைபோசோம்ல போய் மாட்டிகிட்டுதான் அத நிறுத்துது, நம்ம ரைபோசோம் அமைப்பு கொஞ்சம் வேறங்கறதால நமக்கு ஆகறதில்ல. மைட்டோகாண்ட்ரியாவுக்கு சொந்தமா டிஎன்ஏ இருக்கு, அது அம்மா வழியாதான் வருங்கறதையும் சொன்னேன். "அப்ப அம்மாச்சியோடது உனக்கு, உன்னோடது எனக்கு"ன்னா. கண்ணுல தெரியாதது மேல அவளுக்கு இருந்த வருத்தம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

செல் பிரியறத பாக்கணும்னா வெங்காய வேர் நுனி ரெடிமேட் ஸ்லைடு ஒண்ணு வாங்கிக்கோங்க, வீட்ல பண்ணணும்னா ஆசிட் வேணும், வேண்டாம். எங்க ஸ்லைடுல குரோமோசோம் நூல் துண்டு மாதிரி ரெண்டு பக்கமா இழுபடறது அருமையா தெரியுது. வெங்காயத்துக்கு 16, நமக்கு 46.

வீட்டுக்காரர் கரூர்ல ஜவுளி எக்ஸ்போர்ட்ல இருக்கார், துணில இஞ்சுக்கு எத்தன இழைன்னு எண்றதுக்கு பிக் கிளாஸ்னு ஒரு சின்ன லென்ஸ் எப்பவும் பாக்கெட்ல இருக்கும். 1670கள்ல ஹாலந்துல டெல்ஃப்ட் ஊர்ல லேவன்ஹூக்னு ஒரு ஜவுளி வியாபாரி துணி பாக்கற லென்ஸுல ஆரம்பிச்சு, தானே லென்ஸ் தேச்சு, அதுலதான் ஏரித் தண்ணில நீந்தற உசுரையும் ரத்தத்து சிவப்பு செல்லையும் பாத்து எழுதினாராம்னு சொன்னேன். அதுக்கு சில வருஷம் முன்ன 1665ல ராபர்ட் ஹூக் தக்கைல பாத்து செல்லுன்னு பேர் வெச்சது செத்துப் போன வெத்து சுவர, உசுரோட பாத்தவர் இந்த ஜவுளிக்காரர்தான். அன்னில இருந்து எங்க வீட்டுக்காரரும் ஞாயித்துக்கிழமை எங்க கூட உக்காந்துக்கறார்.

வாங்கறவங்களுக்கு கடைசியா சில விஷயம். 40 எக்ஸ்ல பாக்கும்போது பெரிய திருகத் தொடாதீங்க, ஸ்லைடு ஒடையும், எங்களுக்கு மூணு ஒடஞ்சுது. லென்ஸ வேட்டித் துணில துடைக்காதீங்க, லென்ஸ் பேப்பர் தனியா விக்குது. மழைக்காலத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், மூடி போட்ட டப்பால சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைங்க, மாத்திரை டப்பால வர்றதையே சேத்து வெச்சுக்கலாம். மொத்தத்துல 5,800 ரூபாய்க்கு அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், ஒரு ஸ்டார் அந்த லூசான திருகுக்கும் ஸ்லைடு நகத்தற கஷ்டத்துக்கும் குறைச்சிருக்கேன்.

இப்ப ஓடிட்டு இருக்கறது வைக்கோல் தண்ணி. குளித்தலைல எங்கம்மா வீட்ல இருந்து ஒரு பிடி வைக்கோல் எடுத்துட்டு வந்து கொதிக்க வெச்சு ஆறினதும் வாய்க்கால் தண்ணி கொஞ்சம் ஊத்தி மூடாம வெச்சோம், அஞ்சாவது நாள் ஒரு சொட்டுல பாரமீசியம் கூட்டமா வந்துடுச்சு. ஓடிட்டே இருக்கும், பஞ்சு நாலு இழை பிச்சுப் போட்டா அதுக்குள்ள மாட்டி நிதானமாகும். ஒரே செல்தான், சாப்பிடறது, நீந்தறது, கழிவ தள்றது எல்லாம் அதுக்குள்ளயே. ரெண்டு முனைலயும் நட்சத்திரம் மாதிரி ஒரு குமிழ் விரிஞ்சு டக்குனு சுருங்குது, மறுபடி விரியுது. ஊறுகாய்க்கு நேர் எதிர் கதை இது. வெளிய நல்ல தண்ணி, உள்ளதான் உப்பு ஜாஸ்தி, அதனால தண்ணி சவ்வு வழியா உள்ள வந்துட்டே இருக்கு, இறைச்சு வெளிய ஊத்தலன்னா அது வெடிச்சிடும். பாப்பா மொபைல்ல ஸ்டாப்வாட்ச் வெச்சு எத்தன செகண்டுக்கு ஒரு தடவ சுருங்குதுன்னு நோட்ல எழுதிட்டு இருக்கா. தண்ணில கொஞ்சூண்டு உப்பு சேத்தா அந்த இறைக்கற வேகம் குறையணும்ங்கறது அவ கணக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை அத்தைய உப்பு அளந்து போடச் சொல்லியிருக்கா.